முதுகெலும்பு இறுக்க அழற்சி நோயுடன் வாழ்தல்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

போடிநாயக்கனூர், சிலமலை, ராசிங்காபுரம் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரில் முதுகுவலி அறியாதவர் அரிது. ஏலக்காய் செடியின் அடித்தூரில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. அதனைப் பறிக்க நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து செல்லும் பயணமும், மாலையில் அதே வழியில் திரும்பும் பயணமும் இடுப்பை உலுக்குபவை. போடி நகரின் கிடங்குகளில் காய்களைத் தரம் பிரிக்கும் பெண்கள் மணிக்கணக்கில் அமர்ந்தே வேலை செய்கின்றனர். ஆகவே இப்பகுதியில் முதுகுவலி ஒரு நோயாகக் கருதப்படுவதில்லை; உழைப்பின் கூலியில் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

இந்தப் பொதுவான வலிகளுக்கிடையே வேறொரு வலி அடையாளம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. அதுவே முதுகெலும்பு இறுக்க அழற்சி. மருத்துவத்தில் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் இந்நோய் இளம் வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது. காலத்தில் கண்டறிந்தால் முதுகெலும்பு வளையாமலும் இறுகாமலும் பெரும்பாலும் காக்க இயலும். தாமதித்தால் இழந்த அசைவைத் திரும்பப் பெறுவது கடினம். இந்நோயுடன் வாழ்வோர் அன்றாடம் எதிர்கொள்பவற்றையும், அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும், அரசு மருத்துவமனைகளில் பெறக்கூடிய உதவிகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும் முதுகுவலி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகவும்.
• எக்ஸ்ரே இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.
• தினசரி உடற்பயிற்சி இந்நோய்க்கு மருந்துக்கு இணையான சிகிச்சை.
• முதுகில் ஏறி மிதித்தல், கழுத்தை நெட்டி முறித்தல் ஆகியவற்றை அறவே தவிர்க்கவும்.
• கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லவும்.

இந்நோய் என்றால் என்ன?

அழற்சி என்பது கிருமிகளையோ காயத்தையோ எதிர்த்து உடல் காட்டும் வினை. வீக்கம், சூடு, வலி ஆகியன அதன் வெளிப்பாடுகள். சிலருக்கு எக்கிருமியும் இன்றியே, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் எலும்புகளையும் மூட்டுகளையும் தாக்கத் தொடங்குகிறது. முதுகெலும்பு இறுக்க அழற்சி அத்தகைய நோய்களுள் ஒன்று.

பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்புடன் இருபுறமும் சேரும் மூட்டு. இதனாலேயே தொடக்க நாட்களில் வலி முதுகைவிடப் புட்டப் பகுதியில், ஒரு முறை வலப்புறமும் மறுமுறை இடப்புறமுமாக மாறி மாறித் தோன்றுவதுண்டு. பின்னர் அழற்சி முதுகெலும்பில் மெல்ல மேலேறலாம். அழற்சி ஏற்பட்ட இடங்களில் ஆண்டுக்கணக்கில் புதிய எலும்பு வளர்ந்து, தனித்தனியாக அசைய வேண்டிய முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். மூங்கிலின் கணுக்களைப் போல எக்ஸ்ரேயில் தோன்றும் இந்நிலையை மருத்துவர்கள் மூங்கில் முதுகெலும்பு என்றே குறிப்பிடுகின்றனர். எல்லா நோயாளிகளும் இந்நிலையை அடைவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தசைநாண்கள் எலும்புடன் சேரும் இடங்களிலும் அழற்சி உண்டாகும். குதிகால் வலி, விலா எலும்புகளில் வலி ஆகியன இதனால் ஏற்படுபவை. இடுப்பு மூட்டு, முழங்கால், கண், தோல், குடல் ஆகியனவும் பாதிக்கப்படலாம்.

இந்நோய் புதியதன்று. முதுகெலும்புகள் முற்றிலும் இணைந்துபோன ஓர் எலும்புக்கூட்டை அயர்லாந்து மருத்துவர் பெர்னார்டு கானர் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விவரித்துள்ளார். ரஷ்ய மருத்துவர் பெக்டெரெவ் 1893-இல் நோயாளிகளின் நிலையை எழுதினார். சில நாடுகளில் இன்றும் இது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபணுக் கூறுக்கும் இந்நோய்க்கும் உள்ள நெருங்கிய தொடர்பு 1973-இல் கண்டறியப்பட்டது.

குனிந்து வேலை செய்வதாலோ சுமை தூக்குவதாலோ இந்நோய் உண்டாவதில்லை. நோயாளி செய்த தவறு எதுவும் இதற்குக் காரணமன்று.

உழைப்பின் வலியா, அழற்சியின் வலியா?

இரண்டையும் பிரித்தறிய விலையுயர்ந்த பரிசோதனை எதுவும் முதலில் தேவையில்லை. வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதைக் கவனித்தாலே போதும்.

உழைப்பினால் வரும் முதுகுவலி பொதுவாக:
• வேலையின்போது கூடும். படுத்து ஓய்வெடுத்தால் குறையும்.
• சுமை தூக்கிய நாள், வழுக்கி விழுந்த நாள் எனத் தொடக்கம் நினைவில் இருக்கும்.
• சில நாட்களில் அல்லது வாரங்களில் தணியும்.
• எவ்வயதிலும் வரும்.

அழற்சியினால் வரும் முதுகுவலி பொதுவாக:
• 45 வயதுக்குள், பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்கும்.
• எப்போது தொடங்கியது என்று சொல்ல இயலாதவாறு மெல்ல வரும். 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும்.
• இரவின் பிற்பகுதியில் உறக்கத்தைக் கலைக்கும். எழுந்து நடந்தால் தணியும்.
• காலையில் முதுகு அரை மணி நேரத்திற்கு மேல் இறுகியிருக்கும்.
• ஓய்வினால் குறையாது, நடமாட்டத்தினால் குறையும்.

இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை உங்களுக்குப் பொருந்துமாயின், ‘தோட்ட வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிட வேண்டாம். இவ்விரு வலிகளும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் கூடும்.

நோயின் பெயர் தெரியும் வரை

முதல் வலி தோன்றியதிலிருந்து நோய் உறுதி செய்யப்படும் வரை, உலக அளவில் சராசரியாக ஆறேழு ஆண்டுகள் கழிகின்றன. இந்த ஆண்டுகளே நோயாளிகளின் வாழ்வில் மிகக் கடினமானவை. கையில் அறிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரியும் காயம் இல்லை. ஆயினும் வலி இருக்கிறது.

இந்தக் காலத்தில் நோயாளிகள் பலரும் ஒரே வழியைக் கடந்து வருகின்றனர். முதலில் தைலம், ஒத்தடம். பின்னர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. அது குறைக்காதபோது சுளுக்கு எடுத்தல். அதன் பின் எக்ஸ்ரே. அதில் ஒன்றும் இல்லை என்னும் பதில். சிலருக்கு முதுகெலும்பு வட்டு விலகல் என்றும், சிலருக்கு நரம்புத் தளர்ச்சி என்றும் சொல்லப்பட்டு, நீண்ட படுக்கை ஓய்வு அறிவுறுத்தப்படுகிறது. இந்நோய்க்குப் படுக்கை ஓய்வு நேர்மாறான பயனையே தரும். முதுகு மேலும் இறுகும்.

வீட்டிலும் தவறான புரிதல் வளர்கிறது. காலையில் எழ இயலாத இளைஞர், பத்து மணிக்கு மேல் இயல்பாக நடமாடுகிறார். மாலையில் நண்பர்களுடன் பந்து விளையாடவும் செய்கிறார். வேலைக்குச் செல்ல மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்று பெற்றோர் எண்ணுவது இதனாலேயே. காலை 5 மணி ஜீப்பைத் தவறவிடுவதும், பிற்பகலில் நன்றாக இருப்பதும் இந்நோயின் இயல்பான போக்கு. அது சோம்பல் அன்று, பாசாங்கும் அன்று. நோயின் பெயர் தெரியவந்த நாளில், அச்சத்தைவிட ஆறுதலே முதலில் தோன்றியதாகப் பல நோயாளிகள் மருத்துவரிடம் தெரிவிக்கின்றனர். தம் வலி உண்மையானது என்பதை அன்றே பிறரும் ஏற்றுக்கொள்கின்றனர்.

நோய் எவ்வாறு கண்டறியப்படுகிறது?

இந்நோயை ஒரே பரிசோதனையால் உறுதி செய்ய இயலாது. மருத்துவர் உங்கள் வலியின் தன்மையைக் கேட்டறிந்து, முதுகு எவ்வளவு வளைகிறது, மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு எவ்வளவு விரிகிறது, சுவரை ஒட்டி நிற்கும்போது தலையின் பின்புறம் சுவரைத் தொடுகிறதா என்பவற்றை அளந்து பார்ப்பார். அவற்றுடன் கீழ்க்கண்டவை உதவும்.

இரத்தப் பரிசோதனை: ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியன அழற்சியின் அளவைக் காட்டும். ஆயினும் நோய் உள்ள பலருக்கு இவை இயல்பாக இருப்பதுண்டு.

எக்ஸ்ரே: இடுப்பு மூட்டுகளில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம்.

எம்.ஆர்.ஐ.: எலும்பில் மாற்றம் ஏற்படும் முன்பே அழற்சியைக் காட்டக்கூடியது. தொடக்க நிலையில் இது மிகவும் பயன்படும்.

எச்.எல்.ஏ.-பி27 பரிசோதனை: நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு இம்மரபணு இருக்கும். ஆனால் இம்மரபணு உடையோரில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருக்கின்றனர். எனவே வலி இல்லாத உடன்பிறந்தோருக்கும் குழந்தைகளுக்கும் இப்பரிசோதனையைச் செய்யத் தேவையில்லை.

நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் மருத்துவர் கருத்தில் கொள்வார். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்த வரலாறு ஆகியவற்றை மறைக்காமல் கூறவும். இரண்டு நோய்களுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு.

விடிகாலை: நாளின் கடினமான பொழுது

இந்நோயாளியின் நாள் மற்றவர்களின் நாளைவிட முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. படுக்கையிலிருந்து எழுவதற்கே நேரம் தேவை. குனிந்து முகம் கழுவுதல், செருப்பின் வாரை மாட்டுதல், தரையில் அமர்ந்து உண்ணுதல் போன்ற சிறு செயல்களே காலையில் பெரும் வேலையாகின்றன. மழையும் குளிரும் மிகுந்த மாதங்களில், குறிப்பாக மலைமேல் தோட்டக் குடியிருப்புகளில் தங்கி வேலை செய்வோருக்கு, இறுக்கம் கூடுதலாகத் தெரிவதாகப் பலர் கூறுகின்றனர்.

கீழ்க்கண்டவை உதவக்கூடியவை:

• கண் விழித்ததும் உடனே எழ முயல வேண்டாம். படுத்தவாறே முழங்கால்களை மடக்கி இருபுறமும் மெல்லச் சாய்க்கவும். பின் ஒருக்களித்து, கையை ஊன்றி எழவும்.
• வெந்நீரில் குளிக்கவும். இறுக்கம் தளர்ந்த பின் 10 நிமிடப் பயிற்சி செய்யவும்.
• வேலைக்குப் புறப்படும் நேரத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாக எழவும். இதனை வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.
• இரவு மாத்திரையை எப்போது உட்கொண்டால் காலை இறுக்கம் குறையும் என்பதை மருத்துவரிடம் கேட்டறியவும்.
• நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலும் ஊஞ்சல் போன்ற தொட்டிலிலும் உறங்க வேண்டாம். சமமான படுக்கை நல்லது. தலையணை மெல்லியதாக இருக்கட்டும். உயர்ந்த தலையணை கழுத்தை முன்னோக்கி வளைத்துவிடும்.

வலியைப் போலவே களைப்பும் இந்நோயின் அறிகுறி. இரவில் பலமுறை விழிப்பதாலும், அழற்சியினாலும், சிலருக்கு இரத்தச்சோகையினாலும் இது ஏற்படுகிறது. களைப்பை மருத்துவரிடம் தனியே குறிப்பிடவும். கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டிய செய்தியாக அதனை ஒதுக்க வேண்டாம்.

சிகிச்சை

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வலியைக் கட்டுப்படுத்தி, அசைவைக் காத்து, வேலையையும் குடும்ப வாழ்வையும் தொடரச் செய்யும் சிகிச்சைகள் உள்ளன.

அழற்சி குறைக்கும் மாத்திரைகள்: இன்டோமெத்தசின், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் முதலியன முதல்நிலை மருந்துகள். மருத்துவர் கூறிய அளவில், கூறிய நாட்கள் வரை உட்கொள்ள வேண்டும். ஒரு மருந்து பயன் தராவிடில் மற்றொன்று பயன் தரலாம். இவற்றை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டாம். நீண்ட நாள் உட்கொள்வோர் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் குறித்த இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும். மலம் கருநிறமாகச் சென்றால் உடனே மருத்துவரை அணுகவும்.

சல்பாசலசின்: முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளில் வீக்கம் உள்ளவர்களுக்குப் பயன்படும். முதுகுவலிக்கு இதன் பயன் குறைவு.

உயிரியல் மருந்துகள்: முதல்நிலை மருந்துகளால் கட்டுப்படாத நோய்க்கு அடலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், செகுகினுமாப் முதலிய ஊசி மருந்துகள் உள்ளன. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களை இவை தடுக்கின்றன. அடலிமுமாப்பின் ஒப்பு மருந்து 2014 முதல் இந்தியாவிலேயே கிடைக்கிறது. டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் இப்போது பயன்படுத்தப்படுகின்றன. இம்மருந்துகள் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை விழிக்கச் செய்யக்கூடும். ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான தோல் அல்லது இரத்தப் பரிசோதனையும் கட்டாயம். சிகிச்சையின்போது இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல் இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

அறுவை சிகிச்சை: இடுப்பு மூட்டு முற்றிலும் சேதமடைந்து நடக்க இயலாதோருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல பயன் தருகிறது. இளம் வயது என்பதால் மட்டும் இதனை மறுக்க வேண்டியதில்லை.

ஒரே ஊசியில் வலி நீங்கும் என்று கூறித் தரப்படும் பெயர் தெரியாத ஊசிகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். தற்காலிக நிம்மதிக்குப் பின் இவை எலும்பை மெலியச் செய்து, சர்க்கரை நோயையும் வரவழைக்கலாம்.

உடற்பயிற்சி: நாள் தவறாத மருந்து

‘நாள் முழுவதும் மலையில் ஏறி இறங்குகிறேன், எனக்கு எதற்குப் பயிற்சி?’ என்னும் கேள்வி நியாயமானதே. ஆனால் தோட்ட வேலை உடலை முன்னோக்கியே வளைக்கிறது. நோயும் அதே திசையில்தான் முதுகை வளைக்கிறது. பயிற்சி அதற்கு எதிர்த்திசையில் உடலை நிமிர்த்துவது. எனவே வேலை பயிற்சிக்கு மாற்றாகாது.

• சுவர்ப் பயிற்சி: குதிகால், புட்டம், தோள், தலையின் பின்புறம் ஆகியன சுவரைத் தொடுமாறு நிமிர்ந்து நிற்கவும். மோவாயை உயர்த்தாமல் தலையால் சுவரை மெல்ல அழுத்தவும்.
• குப்புறப் படுத்தல்: நாள்தோறும் 15 முதல் 20 நிமிடங்கள். இடுப்பு மூட்டு முன்னோக்கி மடங்கி இறுகிவிடாமல் இது காக்கும்.
• மூச்சுப் பயிற்சி: விலாவின் இருபுறமும் கைகளை வைத்து, அவை விலகுமாறு ஆழ்ந்து மூச்சிழுக்கவும்.
• கழுத்தை மெல்ல இருபுறமும் திருப்புதல். விசையுடன் சுழற்ற வேண்டாம்.
• நீச்சல் தெரிந்தோர் நீந்தலாம். கழுத்து இறுகியோர் கிணற்றிலோ குளத்திலோ தலைகீழாகக் குதிக்கக் கூடாது.

முதல் முறை இயன்முறை சிகிச்சையாளரிடம் நேரில் கற்றுக்கொள்ளவும். ஆறு மாதங்களுக்கு ஒரு முறை உயரத்தை அளந்து குறித்து வைக்கவும். உயரம் குறைவது முதுகு வளைவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

வேலையும் பயணமும்

நோய் உறுதியானவுடன் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வேலையின் முறையை மாற்றுவதே தேவை. காய் பறிக்கும்போது அரை மணி நேரத்திற்கு ஒரு முறை எழுந்து நிமிர்ந்து நிற்கவும். கிடங்கில் தரம் பிரிப்போர் தரையில் அமர்வதைவிட மேசை உயரத்தில் வேலை செய்வது நல்லது. அதுவும் இயலாவிடில் இடையிடையே எழுந்து நடக்கவும். மூட்டை தூக்குதல், சரிவில் மருந்து தெளிக்கும் கருவியை முதுகில் சுமத்தல் ஆகியவற்றிலிருந்து விலக்குக் கேட்கவும். தேவையெனில் மருத்துவரிடம் இதற்கான சான்று பெற்றுக் கங்காணியிடமோ உரிமையாளரிடமோ காட்டலாம்.

ஜீப்பில் ஓரத்தில் தொங்கியவாறோ பின்பக்க நுனியிலோ பயணம் செய்வது எவருக்கும் ஆபத்து; இந்நோயாளிகளுக்கு இருமடங்கு ஆபத்து. இறுகிய முதுகெலும்பு உறுதியானதாகத் தோன்றினாலும் உள்ளே மெலிந்து, சுண்ணக்கட்டி போல எளிதில் முறியக்கூடியது. சிறு வீழ்ச்சியிலும், திடீர்க் குலுக்கலிலும் எலும்பு முறிந்து தண்டுவடம் பாதிக்கப்படலாம். முன்னிருக்கையில் அமர்ந்து, தலையைப் பின்னால் சாய்க்க இடமிருக்குமாறு பார்த்துக்கொள்ளவும். இருசக்கர வாகனம் ஓட்டுவோர் கழுத்தைத் திருப்ப இயலாததால் இருபுறக் கண்ணாடிகளும் பொருத்தியிருக்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம்.

மலைமேல் பல வாரங்கள் தங்கி வேலை செய்வோர் மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, அறிக்கைகள் அடங்கிய கோப்பின் நகலை உடன் வைத்திருக்கவும். கேரளப் பகுதி மருத்துவமனையில் அவசரமாகச் சேர நேரிட்டால் அது பெரிதும் உதவும். மருந்து தீர்ந்த பின் ஊர் திரும்பும் நாளுக்காகக் காத்திராமல், புறப்படும் முன்பே போதிய அளவு பெற்றுச் செல்லவும்.

பீடி, சிகரெட் புகைப்பதை முற்றிலும் நிறுத்தவும். புகைப்பழக்கம் முதுகெலும்பு இறுகுவதை விரைவுபடுத்துகிறது. மார்பு விரிவு ஏற்கெனவே குறைந்தவருக்கு நுரையீரலையும் கெடுக்கிறது. உணவில் கேழ்வரகு, பால், கீரை, பயறு வகைகள் இடம்பெறட்டும். இந்நோய்க்கென விலக்க வேண்டிய உணவு எதுவும் இல்லை.

சுளுக்கு எடுத்தல் குறித்த எச்சரிக்கை

முதுகில் ஏறி மிதித்தல், உலக்கையை உருட்டுதல், கழுத்தை நெட்டி முறித்தல் ஆகியன ஊர்ப்பகுதிகளில் நீண்ட காலமாக வழக்கத்தில் உள்ளன. சாதாரணத் தசைப்பிடிப்பில் இவை பெரும் தீங்கு செய்யாமல் போகலாம். இறுகிய முதுகெலும்பிலோ இவை எலும்பை முறித்து, கைகால் செயலிழப்பில் முடியக்கூடும். முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்குவதற்கும் இது பொருந்தும். சூடான ஒத்தடமும், மென்மையாக எண்ணெய் தேய்த்தலும் செய்துகொள்ளலாம்.

கண்: காத்திருக்கக் கூடாத உறுப்பு

இந்நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் கண்ணின் உட்பகுதியில் அழற்சி ஏற்படுகிறது. யுவைட்டிஸ் எனப்படும் இது பொதுவாக ஒரு கண்ணில் திடீரெனத் தோன்றும். கண் சிவத்தல், வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியன அறிகுறிகள். இதனைக் ‘கண்வலி’ என்று எண்ணித் தாய்ப்பால் விடுவதோ, கடையில் சொட்டு மருந்து வாங்குவதோ கூடாது. காலந்தாழ்ந்தால் பார்வை நிலையாகப் பாதிக்கப்படலாம். உங்களுக்கு முதுகெலும்பு அழற்சி உள்ளதைக் கண் மருத்துவரிடம் முதலிலேயே கூறவும்.

பெண்கள், திருமணம், மகப்பேறு

இது ஆண்களின் நோய் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. பெண்களுக்கும் இது வருகிறது. அவர்களுக்கு எக்ஸ்ரே மாற்றங்கள் மெதுவாகத் தோன்றுவதாலும், முதுகுவலி பிரசவத்தின் பின்விளைவாகவே கருதப்படுவதாலும், நோயறிய மேலும் தாமதமாகிறது. பிரசவத்திற்குப் பின் பல மாதங்கள் கழிந்தும் காலை இறுக்கம் நீங்காத பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

திருமணமும் குழந்தைப்பேறும் இந்நோயாளிகளுக்குத் தடையன்று. நோயை மறைத்துத் திருமணம் செய்வதைவிட, இரு வீட்டாரும் மருத்துவரைச் சந்தித்துத் தெளிவு பெறுவது நன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து எச்.எல்.ஏ.-பி27 மரபணு குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு பொதுவாகப் பாதியே; அது சென்றாலும் நோய் வரும் என்பதில்லை. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருந்துகளை மருத்துவருடன் கலந்து மாற்றிக்கொள்ளவும். தாமாக நிறுத்த வேண்டாம்.

பராமரிப்பாளர்களுக்கு

• காலையில் அவசரப்படுத்த வேண்டாம். மாலையில் நன்றாக இருந்தவர் காலையில் எழ இயலாதிருப்பது இயல்பே.
• எல்லா வேலைகளையும் நீங்களே செய்துவிட வேண்டாம். அசைவு அவருக்கு மருந்து.
• இயன்றால் பயிற்சியை உடன் சேர்ந்து செய்யவும். தனியே செய்பவர் சில வாரங்களில் விட்டுவிடுவதுண்டு.
• வருமானம் குறைதல், கடன், வலி ஆகியன சேர்ந்து மனச்சோர்வைத் தரலாம். உறக்கமின்மை, பேச்சு குறைதல், மது அதிகரித்தல், வாழ்வில் வெறுப்பு ஆகியவற்றைக் கவனிக்கவும். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

எங்கு செல்வது?

முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையையோ அணுகவும். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். உயிரியல் மருந்து போன்ற சிறப்புச் சிகிச்சை தேவைப்படுவோர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் ருமட்டாலஜி எனப்படும் மூட்டுவாதவியல் துறைக்கு அனுப்பப்படுகின்றனர். 2023 ஜூன் முதல் போடிநாயக்கனூரிலிருந்து மதுரைக்கு மீண்டும் ரயில் ஓடுகிறது. பயணத்தின்போது எழுந்து நிற்கவும் நடக்கவும் இயலும் என்பதால், இந்நோயாளிகளுக்குப் பேருந்தைவிட ரயில் ஏற்றது.

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு. உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை இதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ 1800 425 3993 என்னும் எண்ணிலோ கேட்டறியவும்.
• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், நடக்க இயலாதோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிவு செய்யவும்.
• மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: அசைவுக் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளதாக மருத்துவச் சான்று பெற்றோர், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.
• மருத்துவ ஆலோசனைக்கு 104; அவசர ஊர்திக்கு 108.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• விழுந்த பின்போ குலுக்கலுக்குப் பின்போ கழுத்து அல்லது முதுகில் புதிதாகத் தோன்றும் வலி. எக்ஸ்ரேயில் முறிவு தெரியாவிடினும் மேற்பரிசோதனை தேவை. அவசர ஊர்திப் பணியாளரிடம் ‘முதுகெலும்பு இறுகிய நோயாளி’ என்று தெரிவிக்கவும். வளைந்த கழுத்தைச் சமமாக நீட்ட முயலக் கூடாது. இருந்த நிலையிலேயே தாங்கி எடுத்துச் செல்ல வேண்டும்.
• கைகால் மரத்துப்போதல், வலுவிழத்தல். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல்.
• கண் சிவப்புடன் வலியும் பார்வை மங்கலும்.
• கருநிற மலம், இரத்த வாந்தி.
• உயிரியல் மருந்து பெறுவோருக்குத் தொடர் காய்ச்சல்.
• மூச்சுத்திணறல், நெஞ்சுவலி.

முதுகுவலியுடன் காலையில் எழ இயலாத இளைஞரோ இளம்பெண்ணோ உங்கள் வீட்டிலோ, உடன் வேலை செய்வோரிடையேயோ இருந்தால், ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: படுத்திருந்தால் வலி குறைகிறதா, நடந்தால் குறைகிறதா? நடந்தால் குறைகிறது என்று அவர் சொன்னால், அவரை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நோயறிய ஆகும் ஆண்டுகளைக் குறைக்க நம் ஒவ்வொருவராலும் இயலும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விளக்கங்களே. உங்களுக்குரிய மருந்தையும் பயிற்சியையும் உங்களைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.